தொப்பியர் வீட்டு நீக்கிலாப்பிள்ளை

நீக்கிலாப்பிள்ளை என்ற பெயரை அருமைநாயகி முதன்முதலில் கேட்டபோது, அந்தப் பெயரோடு ஒரு தொப்பியும் சேர்ந்தே வந்தது. அவள் அப்போது கலியாணமாகாத குமர்ப்பிள்ளை. குருநகரில் தகப்பன் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து றால் உரித்துக்கொண்டிருந்தாள். தகப்பனுடைய தங்கை, கொழும்புத்துறையில் வாழ்க்கைப்பட்ட மாமி, பஸ்ஸால் இறங்கி வந்து வேர்வை துடைக்கிறதுக்கு முன்னரே சம்மந்தப் பேச்சை எடுத்துவிட்டாள்.

"தொப்பியர் வீட்டுப் பொடியன் அண்ணை. நீக்கிலாப்பிள்ளை. சைக்கிளிலை மீன் யாவாரம். குடி இல்லை."

தகப்பன் சிரித்தார். "ஆர், அந்தோனியாரைக் கண்டால் சைக்கிளை நிப்பாட்டித் தொப்பி தூக்குறவங்களோ?"

"அவங்கள்தான்."

"அப்ப பிள்ளை பட்டினி கிடக்க வேண்டிவரும். உவன் ஒவ்வொரு சுருபத்துக்கும் இறங்கி ஏறி வீடு வந்து சேர மீன் நாறிப்போம்."

மாமிக்குக் கோபம் வந்தது. மாமியின் புருஷனும் நீக்கிலாப்பிள்ளையின் தகப்பனும் அக்காள் தங்கையின் பிள்ளைகள். அந்த வழியில் நீக்கிலாப்பிள்ளை அருமைநாயகிக்கு மச்சான் முறை. முறைப் பொடியனைப் பகிடி பண்ணினால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் தொப்பிக் கதை பொய்யில்லை. நீக்கிலாப்பிள்ளையின் தகப்பனுடைய தகப்பன், சோளகக் காற்றில் வள்ளம் கவிழ்ந்து, ஒரு பலகையைப் பிடித்தபடி மிதந்து, கடைசியில் அந்தோனியார் கோயில் முகப்பைக் கண்டு கரைசேர்ந்தவர். அன்றைக்குப் பிறகு அவர் மூடிய தலையோடு ஒரு சுருபத்தையும் கடந்ததில்லை. அவருடைய ஆண்பிள்ளைகளும் அப்படியே. ஊர் அவர்களுக்குத் தொப்பியர் வீடு என்று பெயர் வைத்துவிட்டது.

கலியாணம் முடித்துக் கொழும்புத்துறைக்கு வந்த பிறகுதான், தகப்பன் சொன்னது பாதிக் கதை என்று அருமைநாயகிக்கு விளங்கியது. நீக்கிலாப்பிள்ளை தங்கள் சுருபங்களுக்கு மட்டும் தொப்பி கழற்றுகிறவர் இல்லை. அவருடைய யாவாரம் அரியாலை, இருபாலை, கோப்பாய் தாண்டி வாழைத்தோட்டங்களுக்குள் இருக்கிற சைவ ஊர்களில். விடியக் கரையில் திரளியும் ஓரா மீனும் எடுத்து, பின் கரியரில் பெட்டி கட்டி, ரப்பர்ப் பந்து ஹோர்னை அமத்தி அமத்திப் போவார். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார். எந்தக் கோயில் எப்போது கொடியேறும், எந்த வீட்டில் என்ன விரதம், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கோயில் வாசல் வந்தால் ஹோர்ன் நிற்கும், தொப்பி கழலும். பிள்ளையாரோ, வைரவரோ, ஒரு சூலத்தை நட்டுவைத்த ஆலமரமோ, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

"நாங்கள் மீன் நாத்தத்தோடை அவையின்ரை சாமி வாசலைக் கடக்கிறம். தலையையாவது திறந்து காட்டிப்போட்டுப் போகவேணும்" என்பார்.

இளவயதில் ஒவ்வொரு இடத்திலும் இறங்கித்தான் கழற்றினார். முழங்கால் வருத்தம் வந்த பிறகு, பாரம் கட்டின சைக்கிளை இறங்கி ஏறி உழக்க ஏலாமல் போனது. இடக்கையால் ஹாண்டிலைப் பிடித்து, வலக்கையால் தொப்பியைத் தூக்கி நெஞ்சில் வைத்து, வாசலைக் கடந்ததும் திரும்பத் தலையில் போடுவார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வடிவாகக்கூட இருந்தது.

பெற்றோல் இல்லாத சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் ஓடியபோது அவரும் ஓடினார். இடம்பெயர்ந்தபோது மகள் ஜெசிதாவை முன் பாரிலும் மூட்டையைப் பின் கரியரிலும் வைத்துத் தென்மராட்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தால் சந்திக்குச் சந்தி ஆமிச் சென்றி. அங்கேயும் இறங்க வேண்டும், தொப்பி கழற்ற வேண்டும். அந்தக் காலம் முடிந்து கன நாளுக்குப் பிறகு ஒருமுறை அருமைநாயகி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இனியாவது உந்தத் தொப்பியைத் தலையிலை இருக்க விடுங்கோவன்."

"துவக்குக்கு முன்னாலை கழட்டினனான். சாமிக்கு முன்னாலை கழட்டாட்டி, அப்ப நீ ஆருக்கு மரியாதை குடுத்தனி எண்டு சாமி கேக்காதோ?"



கஷ்டம் தொடங்கியது நெஞ்சு வருத்தம் வந்த பிறகு. இரத்தம் உறையாமல் இருக்கிறதுக்கு ஒரு குளிசை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அரியாலையில் ஒரு நாய் குறுக்கே விழுந்து, சைக்கிளோடு சரிந்தார். காதுக்கு மேலே வெடிப்பு. சின்னக் காயம்தான், ஆனால் இரத்தம் நிற்கமாட்டேன் என்றது. தையல் போட்ட டொக்டர் பிள்ளை அருமைநாயகியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, ஐயாவின்ரை தலை இனி அடி தாங்காது. வெளியிலை காயம் தெரியாமல் உள்ளுக்கை இரத்தம் கசியும். சைக்கிளை விடச் சொல்லுங்கோ. விடமாட்டார் எண்டால் ஹெல்மெற் போடச் சொல்லுங்கோ."

அவர் சைக்கிளை விடமாட்டார் என்பது அருமைநாயகிக்குத் தெரியும். டென்மார்க்கில் இருக்கிற ஜெசிதாவுக்குச் சொன்னாள். அடுத்த மாதம் வந்த ஓர் ஆளிடம் மகள் ஒரு சைக்கிள் ஹெல்மெற் கொடுத்துவிட்டாள். வெள்ளை நிறம், காற்றோட்டத்துக்கு நீள நீள ஓட்டைகள், நாடிக்குக் கீழே பூட்டுகிற வார்.

கரையில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற அன்று, கூட யாவாரம் செய்கிற அடைக்கலநாதன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணை, இதென்ன, றால் வடிக்கிற கூடையைக் கவிட்டு வைச்சிருக்கிறியள்?"

"மகள் அனுப்பினது."

"மகள் அனுப்பினால் சரி. மழை பெஞ்சால் உள்ளுக்கை மீன் வளக்கலாம்."

பகிடி அவரைச் சுடவில்லை. மகள் அனுப்பின சாமானை அவர் தட்டமாட்டார். நாள் தவறாமல் போட்டார். ஆனால் கோயிலுக்குக் கோயில் கழற்றினார். யாழ்ப்பாணத்து வீதியில் நாலு வளவுக்கு ஒரு கோயில். ஒவ்வொரு முறையும் வாரைக் கழற்றிப் பூட்ட முடியுமா? பூட்டாமலே விட்டுவிட்டார். வார் இரண்டு பக்கமும் ஆட்டுக்காது போலத் தொங்கும்.

இதை அருமைநாயகி கண்டுபிடித்தது, ஒருநாள் கோப்பாய்ச் சந்தையால் ஓட்டோவில் திரும்பும்போது. அவர் முன்னாலே உழக்கிக்கொண்டு போகிறார், ஒரு வாசலில் கை மேலே போகிறது, நரைத்த தலை வெயிலில் தெரிகிறது. பின்னேரம் வந்தவுடன் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டச்சைக்கிளிலை போறவை கோயிலுக்குக் கழட்டுகினமோ? ஒரு ஹோர்ன் அடிச்சுப்போட்டுப் போகினம். அவைக்குச் சாமி இல்லையோ?"

"அவைக்குச் சட்டம். கழட்டினால் பொலிஸ் மறிக்கும். அது சாமிக்குத் தெரியும். எனக்கு என்ன சட்டம் இருக்கு? சும்மா என்ரை மண்டைக்குப் பயந்து மூடிக்கொண்டு போனால் அது மரியாதையோ?"

"சட்டம் இருந்தால் கழட்டமாட்டியளோ?"

"சட்டம் இருந்தால் நான் ஏன் கழட்டுறன்?"

அந்த ஒரு சொல் அவளுக்குப் போதும். அன்றிலிருந்து சைக்கிளுக்கும் ஒரு ஹெல்மெற் சட்டம் வரவேண்டும் என்பதே அவளுடைய நினைப்பு. ஊரைத் திருத்துகிற எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. அந்த ஒரு மண்டை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சமைக்கும்போதும் அதுதான், செபமாலை உருட்டும்போதும் அதுதான். ஜெசிதாவிடம் ஃபோனில் கேட்டாள்.

"பிள்ளை, உங்கை சைக்கிளுக்கு ஹெல்மெற் சட்டமோ?"

"இல்லையம்மா. சட்டமில்லை. ஆனால் கனபேர் போடுகினம். என்ரை பிள்ளையளும் போடாமல் இறங்காதுகள்."

"சட்டமில்லாமலோ?"

"ஓமம்மா. தலை அவையின்ரைதானே."

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை, "அவையின்ரை ரோட்டிலை இத்தனை கோயில் இல்லைப் பிள்ளை" என்றார். ஜெசிதா சிரித்தாள். அருமைநாயகி சிரிக்கவில்லை.

அந்த வருசம் தவக்காலத்துக்கு முன்னால், ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் வீதி ஒழுங்கு பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன்ற் ஒருவர் வந்து, சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சம் பூட்டவேண்டும், மூன்று பேர் சேர்ந்து கதைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்றெல்லாம் சொன்னார். நல்ல மனிதர், தமிழும் வடிவாகக் கதைத்தார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அருமைநாயகி எழும்பினாள். கூட்டத்தில் எழும்பிக் கதைத்தது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல்தரம்.

"சேர், சைக்கிள்காரருக்கும் ஹெல்மெற் போடவேணும் எண்டு ஒரு சட்டம் கொண்டுவாங்கோ."

ஆண்கள் பக்கம் இரைந்தது. அடைக்கலநாதன் எழும்பினான்.

"அக்கா, அண்ணைக்கு உங்களாலை சொல்லேலாததை அரசாங்கத்தைக் கொண்டு சொல்லுவிக்கப் போறியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சார்ஜன்ற் பக்கம் திரும்பினான்.

"சேர், இது சிரிக்கிற விசயமில்லை. இப்ப எங்களை ஒருத்தரும் மறிக்கிறேல்லை. சட்டம் வந்தால் சந்திக்குச் சந்தி மறிப்பினம். மறிச்சு வைச்சிருக்க ஐஸ் கரைஞ்சுபோம். சென்றியிலை மறிபட்டு நிண்ட காலம் எங்களுக்குப் போதும்."

"அதுசரி" என்று பின்னால் இருந்து ஒரு கிழவர் சொன்னார்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "பள்ளிக்கூடப் பிள்ளையள் இரட்டைப் பின்னலை என்ன செய்யிறது? கத்தரிக்கிறதோ?" என்றாள். அதற்கும் சிரிப்பு.

அருமைநாயகி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "ஐஸைப் பற்றிக் கதைக்கிறியள், பின்னலைப் பற்றிக் கதைக்கிறியள். மண்டையைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை" என்றாள்.

சார்ஜன்ற் பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, போடுறது நல்லது. நானும் போடச் சொல்லுறன். ஆனால் சைக்கிளுக்கு அப்பிடிச் சட்டம் இல்லை. சட்டம் மேலையிருந்து வரவேணும். நான் செய்யேலாது."

கடைசி வரிசை வாங்கில் நீக்கிலாப்பிள்ளை ஹெல்மெற்றை முழங்காலில் வைத்துக் குனிந்தபடி இருந்தார். வீட்டுப் படலையடியில், "ஊருக்கு முன்னாலை என்னை ஒரு சின்னப் பிள்ளையாக்கிப் போட்டாய்" என்றார்.

அவள் அதோடு விடவில்லை. அரசாங்கத்துச் சட்டம் இல்லாவிட்டால் கோயிலின் சொல்லாவது இருக்கட்டும் என்று பங்குக் குருவிடம் போனாள். இளம் பாதர். அவள் சொன்னதைக் கேட்டு யோசித்து, அந்த வாரமே மீன் வாங்குகிற சாட்டில் நீக்கிலாப்பிள்ளையைப் பிடித்தார்.

"ஐயா, அந்தோனியார் உங்கடை தலையைப் பாக்கிறேல்லை, மனதைத்தான் பாக்கிறார். கழட்டத் தேவையில்லை. நான் சொல்லுறன்."

நீக்கிலாப்பிள்ளை பணிவாகக் கேட்டுக்கொண்டார். "நீங்கள் சொன்னால் சரி பாதர். அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் இனிக் கழட்டேல்லை. ஆனால் பிள்ளையாருக்கு ஆர் சொல்லுறது?"

"அது... அங்கையும் அப்பிடித்தான் ஐயா" என்று பாதர் இழுத்தார்.

"எங்கடை ஆக்கள் பொறுப்பினம் பாதர். மற்றவை வீட்டு வாசலிலை நாங்கள் எங்கடை எண்ணத்துக்கு நடக்கேலாது."

சொன்ன சொல் தவறவில்லை. கொழும்புத்துறையில் ஹெல்மெற் தலையிலேயே இருந்தது. அடைக்கலநாதன்கூட அதிசயப்பட்டான். அரியாலை தாண்டி முதல் கோயில் வாசலில் பழையபடி கை மேலே போனது. வார் தொங்கியபடியே இருந்தது.

அது நடந்தது பங்குனி வெயிலில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகிற சிறிய வீதியில், ஒரு வைரவர் கோயிலடியில். கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மருதமரத்தின் கீழே ஒரு சூலம், ஒரு சின்னக் கொட்டகை, எதிரே வாய்க்கால் மதகு. நீக்கிலாப்பிள்ளை வழக்கம்போல ரப்பர் ஹோர்னை நிறுத்தினார். இடக்கை ஹாண்டிலில், வலக்கை ஹெல்மெற்றோடு நெஞ்சில். அவருக்குப் பின்னால் கனகலிங்கம் மாஸ்ரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்த ஊரிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவர். நீக்கிலாப்பிள்ளையிடம் கன காலமாகத் திரளி வாங்குகிறவர். மாஸ்ரருடைய தலையில் ஹெல்மெற் இருந்தது, வாரும் பூட்டியிருந்தது. வைரவர் வாசலில் அவரும் தன் வழக்கப்படி மரியாதை செய்தார். ஹோர்னை நீட்டி ஒரு அமத்து.

முதுகுக்குப் பின்னால் திடீரென்று அந்தச் சத்தம் கேட்க, நீக்கிலாப்பிள்ளை வாகனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஒதுங்கின கரையில் மணல். ஒற்றைக் கையால் ஹாண்டிலைத் திருப்ப ஏலவில்லை. பெட்டி ஒரு பக்கம் இழுக்க, சைக்கிள் சறுக்கி, தலை மதகில் போய் அடித்தது.

ஐஸும் மீனும் வீதி முழுக்கச் சிதறின. ஹெல்மெற் கையில் இருந்தது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆஸ்பத்திரி வாங்கில் அருமைநாயகியின் பக்கத்தில் கனகலிங்கம் மாஸ்ரர் இருந்தார். சட்டையில் இரத்தமும் மீன் செதிலும். தன்னுடைய ஹெல்மெற்றைக் கழற்ற மறந்து போட்டபடியே இருந்தார். தாதி வந்து சொல்லித்தான் கழற்றினார்.

"தங்கச்சி, நான் அவருக்கு அடிக்கேல்லை. வைரவருக்குத்தான் ஹோர்ன் அடிச்சனான். ஒவ்வொரு நாளும் அடிக்கிறனான்."

"தெரியும் மாஸ்ரர்."

"அவர் கழட்டுறதைக் கண்டனான். நல்ல மனுசன் எண்டு நினைச்சுக்கொண்டு அடிச்சனான்."

அவளுக்கு அவரைக் கோபிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. கோபிக்க ஒரு பிழை வேண்டும். இரண்டு பேரும் ஒரே சாமிக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு மூடின தலையோடு போகச் சட்டம் இருந்தது, மற்றவருக்கு இருக்கவில்லை. இதில் யாரை என்ன சொல்லிக் கோபிக்கிறது என்று தெரியாமல், "தேத்தண்ணி குடிச்சியளோ மாஸ்ரர்?" என்று கேட்டாள்.

உள்ளே கசிந்த இரத்தத்தை எடுத்தார்கள். மூளை வீங்கியிருந்தது என்று மண்டையோட்டில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். பிறகு வைக்கலாம் என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, வலிப்பு வந்தது, திரும்ப வைக்கிற நிலை வரவில்லை. உயிர் தப்பியது. வலக்கையும் வலக்காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஜெசிதா வந்து ஒரு மாதம் நின்று, அழுது, திரும்பிப் போனாள். போகிறபோது தகப்பன் தன்னை யாரென்று பார்த்தாரோ தெரியாது.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: "எலும்பில்லாத இடம் அம்மா. கட்டிலாலை எழுப்பி இருத்தேக்கை எல்லாம் தலைக்கு ஒரு பாதுகாப்பு வேணும். சரிஞ்சு விழுந்தால் தாங்காது. வீட்டிலை ஏதும் ஹெல்மெற் இருக்கோ?"

"இருக்கு" என்றாள் அருமைநாயகி.

அடைக்கலநாதன் இடைக்கிடை கறிக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பான். முதல்நாள் வந்தபோது, வெள்ளை ஹெல்மெற்றோடு கதிரையில் இருக்கிற அண்ணையைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டான். தனக்குத்தானே ஆறுதல் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"சட்டம் வந்திருந்தாலும் அண்ணை கழட்டித்தான் இருப்பார் அக்கா."

"கழட்டியிருக்கமாட்டார்" என்றாள் அவள். "உனக்கு அவரைத் தெரியாது."

அவன் தலையைச் சொறிந்தான். வெறுந்தலை. வெளியே அவனுடைய சைக்கிள் மதிலில் சாத்தியிருந்தது, பெட்டியில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

பின்னேரத்தில் தூரத்துப் பிள்ளையார் கோயில் மணி கேட்கும். அப்போது நீக்கிலாப்பிள்ளையின் இடக்கை மெல்ல மெல்ல மேலே போகும். நாடிக்குக் கீழே வாரைத் தடவும். பூட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியாது, ஆனாலும் தேடும். தேடத் தேடக் கண்ணில் நீர் வரும். அருமைநாயகி பக்கத்தில் இருந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தன்னுடைய மடியில் வைத்துக்கொள்வாள்.

"இருக்கட்டும். கழட்டக்கூடாது. டொக்டர் சொன்னவர்."

கை திரும்பவும் எழும்பப் பார்க்கும்.

"சட்டம் வந்திட்டுது" என்பாள். "சாமிக்குத் தெரியும்."

அப்படிச் சொன்னால் சில நாளில் கை அடங்கும். சில நாளில் அடங்காது, மணி ஓயும்வரை அவள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீக்கிலாப்பிள்ளை இப்போது கொழும்புத்துறையில், தன்னுடைய வீட்டு முன்னறையில், சக்கரம் பூட்டின சில்லுக் கதிரையில் இருக்கிறார்.